கங்காணியின் பேரேடு

சோழர் காலக் கல்வெட்டுகளோடு பழகியவர்க்குக் 'கண்காணி' என்னும் சொல் புதியதன்று. கோயிற் செலவுகளும் நிவந்தங்களும் முறையாக நடக்கின்றனவா என்று மேற்பார்க்கும் பொறுப்பை 'மாகேசுவரக் கண்காணி' என்ற தொடர் சுட்டுகிறது. கண்ணாற் கண்டு காத்து நிற்பவன் என்பது பொருள். அதே சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து, மெய்யொன்று திரிந்து 'கங்காணி' ஆயிற்று. ஆங்கிலேயரின் வழக்கிலும் புகுந்தது. கோயிற் கணக்கைப் பார்த்த சொல் ஆட்கணக்கைப் பார்க்கலாயிற்று.

நம் கல்லூரிகளில் வணிகவியலும் மேலாண்மையும் பயிலும் மாணவர்க்கு மனிதவளத் திட்டமிடல், ஆட்சேர்ப்பு, தேர்வு என்று தனித்தனிப் பாடங்கள் உண்டு. எத்தனை பேர் தேவை, எப்போது தேவை, எங்கிருந்து கொணர்வது, யாரை எடுப்பது, எடுத்தவரை எவ்வாறு தக்கவைப்பது என்பன அப்பாடங்களின் கேள்விகள். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க ஆலைகளிலிருந்து வருகின்றன. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பல லட்சம் பேரை இலங்கையின் மலைகளுக்கு அழைத்துச் சென்ற ஏற்பாடு அவற்றுள் இடம்பெறக் கண்டதில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இயங்கிய அந்த ஏற்பாடு, மேற்சொன்ன ஐந்து கேள்விகளுக்கும் ஒரே விடையைக் கையில் வைத்திருந்தது. அவ்விடை கடன்.

கண்டி மலைப்பகுதியில் 1820களில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. அடுத்த இருபது ஆண்டுகளில் அவை காடழித்துப் பெருகின. சிங்களக் குடியானவருக்குச் சொந்த வயலும் வீடும் இருந்தன. காடு வெட்டும் வேலைக்குக் கூலி பெற்று வந்தாரேயன்றி, ஆண்டு முழுவதும் அந்நியன் தோட்டத்திற் கட்டுண்டு கிடக்க அவர் முன்வரவில்லை. தோட்டத்துரைமாரின் பார்வை பாக்குநீரிணைக்கு அப்பால் திரும்பியது.

காப்பிக்கு ஒரு வசதி இருந்தது. பழம் பறிக்கும் காலம் ஆண்டின் பிற்பாதியில் சில மாதங்களே. அம்மாதங்களுக்கு ஆட்கள் திரளாக வேண்டும்; பிறகு சிலர் போதும். தமிழகத்து ஏழைக் கூலியாளுக்கோ ஊரில் வேலையில்லாத மாதங்கள் பல உண்டு. எனவே போய் வருதல் ஒரு பருவச் சுழற்சியாயிற்று. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே நடக்க வேண்டும். தண்ணீரில்லாத பாதை, காலரா, மலேரியா. வழியில் விழுந்தவரைக் கூட்டம் விட்டுச் சென்றது. எத்தனை பேர் விழுந்தனர் என்பதில் அக்காலத்து அதிகாரிகளே தம்முள் முரண்பட்டனர். எண்ணிக்கை வைக்க எவருக்கும் கடமையிருக்கவில்லை என்பதே காரணம். 2023இல், வருகையின் இருநூறாம் ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையகத்தார் அப்பாதையில் நடந்து சென்றனர்.

மொரீசியசுக்கு 1834 முதலும், நேட்டாலுக்கு 1860 முதலும், பீஜிக்கு 1879 முதலும் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், துறைமுகக் கிடங்கு, அதிகாரி முன் கைநாட்டு, மருத்துவச் சோதனை என்று அதற்கொரு சடங்கு இருந்தது. கொடுமை மிகுந்த முறைதான். எனினும் அதில் ஒரு தாள் இருந்தது, தாளில் ஒரு முடிவு நாள் இருந்தது. இலங்கைக்குச் சென்றவருக்கு அத்தகைய நெடுங்கால ஒப்பந்தம் கிடையாது. மாத ஒப்பந்தம், அதுவும் வாய்மொழியாக. சட்டத்தின் கண்ணில் அவர் சுதந்திரமான தொழிலாளி. முடிவு நாள் இல்லாத சுதந்திரம்.

ஒப்பந்தத்தின் இடத்தில் இங்கே கங்காணி நின்றான். அவன் தோட்டத்து வேலையாள். பெரும்பாலும் முன்னர் ஆளாக வந்து மேலேறியவன். துரை அவன் கையில் முன்பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக அவன் சொந்தக் கிராமத்தில் வந்து நின்ற கோலமே பாதி வேலையை முடித்துவிடும். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்தார்கள் என்று மலையகத்தார் இன்றும் சொல்வதுண்டு. இவ்வாறு அழைத்துச் செல்வதை 'ஆள் கட்டுதல்' என்றார்கள். எவ்வளவு பொருத்தமான வினை!

அவன் யாரைத் தேர்ந்தான் என்பதை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்நியனான ஒரு வெள்ளைக்கார முகவனால் ஒருநாளும் செய்ய இயலாத தேர்வு அது. எந்த வீட்டில் மாடு செத்தது, எவன் கலியாணக் கடனில் மூழ்கியிருக்கிறான், எந்தப் பண்ணையாள் மிராசுதாரிடம் அடிபட்டுக் கிடக்கிறான், எந்தக் கைம்பெண்ணுக்கு ஊரில் சோறில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் போன்ற காலங்களில் தெரிவதற்கும் ஒன்றுமில்லை, ஊரே கிளம்பியது. போனவர்களிற் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பெரிய கங்காணிகளோ பெரும்பாலும் அவர்களுக்கு மேற்பட்ட சாதியினர். ஊரின் மேல்கீழ் அப்படியே மலையேறியது. துரைக்கு அது செலவில்லாமல் கிடைத்த நிருவாகம்.

கங்காணி தன் உறவினரையும் உறவினரின் உறவினரையும் சேர்த்தான். இதைப் பாசம் என்று மட்டும் சொல்ல நாம் தயங்குகிறோம்; பாசம் இல்லை என்று சொல்லவும் இயலாது. சேரியில் வாங்கிய கடனை அடைத்து ஒருவனை மிராசுதாரிடமிருந்து மீட்டவன் அவனே. அதனாலன்றோ தஞ்சைப் பகுதி நிலக்கிழார் ஆட்கள் போவதைக் கண்டு முறையிட்டனர்! மீட்கப்பட்டவனின் பார்வையில் கங்காணி ஒரு கணம் விடுதலை தந்தவன். ஆனால் தீர்ந்தது மிராசுதாரின் கணக்கு. அதே தொகை, வழிச்செலவும் சேர்ந்து, கங்காணியின் பேரேட்டில் புதிதாக ஏறிற்று. உறவே பிணையாயிற்று. ஒருவன் ஓடிப்போனால் அவன் கடன் கங்காணி தலையில் விழும். கங்காணி அதை ஓடியவனின் அண்ணனிடம் கேட்பான். காவற்காரன் தேவைப்படாத காவல் இது.

ஓடுகிறவனுக்குச் சட்டமும் காத்திருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வேலையை விட்டுச் செல்வது சிறைக்குரிய குற்றம். கூலியாளின் தவறு குற்றவியலுக்குள் சென்றதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இனித் 'துண்டு'க்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டாலொழிய மலையகத்து வரலாறு பிடிபடாது. ஒரு கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இருக்கும் தோட்டத்துத் துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். இக்கூட்டத்தின் கடன் இவ்வளவு, இதைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்பது அச்சீட்டின் சாரம். அதுவே துண்டு. கங்காணி அதைக் கொண்டு தோட்டந்தோறும் ஏறி இறங்குவான். ஆட்பஞ்சத்தில் இருக்கும் புதிய துரை, பழைய கடனைக் கட்டுவதோடு மேலும் கொஞ்சம் முன்பணம் கொடுத்துக் கூட்டத்தை இழுத்துக்கொள்வார். கூட்டம் மாறும், கடன் பெருகும். மேலதிகப் பணத்தில் எவ்வளவு கங்காணியின் மடியில் தங்கியது, எவ்வளவு ஆட்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத ஆள் எவ்வாறு அறிவான்? அவன் பெயருக்கு நேரே எண் மட்டும் வளர்ந்தது. தோட்டம் அரிசி கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொண்டது. கூலியும் நெடுங்காலம் கங்காணியின் கைவழியே வந்தது.

துரைமார் இம்முறையைத் தம் கூட்டங்களில் ஓயாது வைதார்கள், ஒருவர் ஆளை மற்றவர் கவர்வதற்கு இதுவே வழி என்று. வைதபடியே தொடர்ந்தார்கள். கடன் இல்லாத ஆள் தங்குவானா என்ற அச்சம் ஒவ்வொருவருக்கும் இருந்தது. அவன் தங்கத்தக்க கூலியும் குடியிருப்பும் கொடுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் மட்டும் கடைசியாகவே வந்தது. அதுவும் அவர்களாக எண்ணி வந்ததில்லை.

காப்பியை இலைத்துரு நோய் அழித்தது. 1869இல் தோன்றிய நோய் இருபதாண்டுக்குள் ஒரு பயிரையே துடைத்தெறிந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இல் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறவே ஆட்கணக்கும் அடியோடு மாறியது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். நாள் தவறினால் கொழுந்து முற்றும். ஏக்கருக்கு ஏறத்தாழ ஓராள் நிரந்தரமாக வேண்டும் என்று தோட்டங்கள் கணக்கிட்டன. பருவத்துக்கு வந்து போகும் ஆண்களால் இனிப் பயனில்லை. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் தங்கும். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்து பெயர்ப் பதிவுக்கு வருவார்கள். அடுத்த தலைமுறை ஆட்சேர்ப்புக்கு மண்டபமும் வேண்டாம், மன்னாரும் வேண்டாம். லயக் காம்பராவே போதும். மனிதவளத் திட்டமிடல் என்பதை இதைவிட நீண்ட நோக்கில் எவரும் செய்திருப்பார்களா என்று நமக்கு ஐயம் உண்டு.

விடியற்காலையில் தப்பொலி கேட்டதும் எல்லாரும் 'பெரட்டுக் கள'த்தில் நிற்க வேண்டும். பரேட் என்ற பட்டாளச் சொல்லின் தமிழ் வடிவம் பெரட்டு. கணக்கப்பிள்ளை பெயர் குறித்துக்கொள்வார். ஒரு நாள் வேலை ஒரு 'பேர்'; குறித்த எடைக்குக் கொழுந்து வராவிட்டால் 'அரைப்பேர்'. பேர் என்பது ஆளின் பெயராகவும் அவன் கூலியாகவும் ஒரே சொல்லில் நின்றதை மொழி பயின்றோர் எளிதிற் கடந்துபோக முடியாது. அன்று களத்துக்கு வந்த தலைகளின் கணக்குப்படி பெரிய கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே காய்ச்சலில் கிடப்பவரைக் கம்பளியோடு எழுப்பி நிறுத்துவதில் அவனுக்கு நேரடி ஆதாயம் இருந்தது. அவன் மனம் கல்லாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ஏற்பாடு இரண்டுக்கும் ஒரே விலை கொடுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டக்காரர்கள் ஆட்சேர்ப்பை நிறுவனமாக்கினார்கள். 1904இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. தென்மாவட்டங்களில் கிளை முகவர்களும் இருந்தனர். ஏறத்தாழ அக்காலத்திலேயே தகர வில்லை வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த சிறு தகரத்துண்டு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டவர் வழியில் கட்டணமின்றிக் கொண்டுசெல்லப்படுவார். செலவு அத்தோட்டத்தின் கணக்கில் ஏறும். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கிய பிறகு மண்டபத்து முகாம் வாயிலாயிற்று. அங்கே நோய்த்தடுப்புக் காவலில் சில நாள் வைத்து, சோதித்து, எண்ணி அனுப்பினார்கள். காட்டு வழி மரணம் ஒழிந்தது என்பதை நேர்மையோடு சொல்லத்தான் வேண்டும்.

மலாயாவிலும் கங்காணி இருந்தான்; ஆனால் அங்கே கதை வேறு திசையிற் சென்றது. ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில், 1907இல், தமிழர் குடிவரவு நிதி ஒன்று சட்டப்படி நிறுவப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்துள்ள ஒவ்வொரு முதலாளியும், தானே ஆள் கொணர்ந்தாலும் கொணராவிட்டாலும், நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்நிதி வழிச்செலவை ஏற்கும். ஆள் கடனின்றி வந்திறங்குவான். ஒருவர் செலவில் வந்த ஆளை மற்றவர் கவர்ந்துகொள்ளும் சிக்கலுக்குக் கடன் ஒன்றே மருந்து என்று இலங்கைத் துரைமார் சாதித்துக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அப்பால் வேறு மருந்து கையிலிருந்தது. அந்த நிதிக்கும் மறுமுகம் உண்டு. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அதே நிதியிலிருந்து செலவுசெய்து ஆட்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பியனுப்பினார்கள். குழாயைத் திறப்பதும் மூடுவதும் ஒரே கை.

இலங்கை முறை தளர்ந்தது வெளியிலிருந்து வந்த நெருக்கத்தால். மார்ஜோரிபாங்க்ஸ் என்ற அதிகாரியும் அகமது தம்பி மரைக்காயரும் சென்னை அரசின் சார்பில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்று ஆய்ந்து 1917இல் அறிக்கை தந்தார்கள். 1921இல் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டதற்குச் சிறை என்பதும் அத்தோடு போயிற்று. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டத்தின் கீழ் ஆள் சேர்க்கும் கங்காணி உரிமம் பெற வேண்டியதாயிற்று. சேர்ப்புச் செலவை ஆளிடம் பிடிக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு முதலில் வகுத்த நாட்கூலி, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. தேயிலையின் இலாபம் பெண்ணின் விரலில் இருந்ததென்று மேலே கண்டோம். விரலுக்கு வைத்த விலை இது. 1939இல் இலங்கை அரசு நாட்கூலி பெற்ற இந்தியரை அரசுப் பணிகளிலிருந்து நீக்க முற்பட்டதைத் தொடர்ந்து, ஆள் செல்வதையே இந்திய அரசு தடைசெய்தது.

நிற்க. நம் இலக்கியத்தில் கங்காணி எவ்வாறு வருகிறான் என்று எண்ணிப் பார்க்கலாம். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' மருதியை நெல்லைச் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்றது. பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி முன்பே கண்ணீர் விட்டிருந்தார். மலையகப் படைப்புகளிலும், பிற்காலத்துத் திரைப்படங்களிலும் கங்காணி கொடியவன்; ஆசை காட்டி மோசம் செய்பவன்; பெண்கள்மேற் கைவைப்பவன். அத்தகையோர் பலர் இருந்தனர் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அவனைக் கொடியவனாக்கிய வேகத்தில், அவன் கையிலிருந்த பேரேட்டை நாம் படிக்காமல் விட்டோம் என்று தோன்றுகிறது. கொடியவன் ஒருவன் இறந்தால் கதை முடிகிறது. நல்ல கங்காணி ஒருவன் வந்தாலும் மாறாதிருந்த கணக்கு ஒன்று உண்டே, அதைச் சொல்லும் கதைகள் மிகச் சில.

அதைப் படித்தவருள் ஒருவர் தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர். தோட்டங்களுக்குள் வெளியார் நுழையத் தடையிருந்த காலத்தில் துணி வியாபாரிபோல உள்ளே சென்று நிலைமையைக் கண்டவர். 'தேசபக்தன்' இதழில் எழுதியும், 1931இல் தோட்டத் தொழிலாளர்க்குச் சம்மேளனம் அமைத்தும் அவர் போராடியபோது, கங்காணி முறையும் கடனுமே அவருடைய முதன்மை இலக்குகள். அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டுக் கட்டித் தோட்டந்தோறும் பாடினார். துரையும் பெரிய கங்காணியும் ஒருசேர அவரைப் பகைத்தனர்; அவர் சரியான இடத்தைத் தொட்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆட்களை எண்ணால் அறிந்த ஏற்பாட்டின் விளைவு 1948இல் முழுமையாகத் தெரிந்தது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. 1949இல் வந்த மற்றொரு சட்டம், 1946க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வசித்ததற்கு ஆதாரம் கேட்டது. வாய்மொழி ஒப்பந்தத்தில் வந்த குடும்பத்திடம் என்ன தாள் இருக்கும்? தோட்டத்தின் கணக்கில் அவர்கள் ஒவ்வொரு நாளும் வரவு வைக்கப்பட்டிருந்தனர். நாட்டின் கணக்கில் இல்லை. மனுக்களிற் பெரும்பாலானவை தள்ளப்பட்டன.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பிறகு பார்த்துக்கொள்ள 1,50,000. அம்மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். உடன்படிக்கை கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள், டிசம்பரில், புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோயிற்று. அதனால் திரும்பியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தனர். பாட்டன்மாரைச் சோதித்து அனுப்பிய அதே இடம்.

வந்தவர்க்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை பயிரிடும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அது 'டான்டீ' எனப்படும் கழகமாயிற்று. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் மீண்டும் லயம், மீண்டும் கொழுந்துக் கூடை. தாயகம் திரும்பிய கைகளுக்குத் தெரிந்த தொழில் அதுவொன்றே என்று முடிவுகட்ட எவருக்கும் நீண்ட யோசனை தேவைப்படவில்லை. 2022இல், நட்டத்தில் இயங்கிய அக்கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க அரசு முடிவுசெய்தது. ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டும் என்பது தோட்டங்களின் விதி. காலிசெய்து எங்கே போவது என்று கூடலூரில் கேட்கும் கிழவிகளுள், மண்டபத்தில் தாயின் கைபிடித்து இறங்கியவர்களும் இருக்கிறார்கள்.